செத்த ரப்பரும் புது முள்ளும்

பட்டுக்கோட்டையில் மைக்செட் தொழில் பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இன்னும் ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்க்கிறார். தென்னை மரத்தில் குழாய் கட்டிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாட்டுப் போட்ட காலத்து எச்எம்வி பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் போனபோது ஒன்றைத் திறந்துவைத்திருந்தார். அதன் சொந்தக்காரர் புது முள் வாங்கிப் போட்டும் பாட்டு கரகரக்கிறதாம்.

"முள்ளக் குத்தம் சொல்லி என்ன தம்பி பண்றது? உள்ள ரப்பர் செத்துக் கெடக்கு."

இசைத்தட்டின் பள்ளத்துக்குள் முள் துள்ள வேண்டும். துள்ளிய வேகத்தில் தன் இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். இரண்டையும் செய்யவைப்பது கடுகளவு ரப்பர்தான். ஓடாமல் பரணில் கிடந்தாலும் அது வயதாகி இறுகும். இறுகினால் முள்ளால் வளைவுகளில் திரும்ப முடியாது. பள்ளத்தின் சுவரை இடித்துச் செதுக்கிக்கொண்டே போகும். முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் காந்தவகையாக இருந்தால், முள்ளை மாற்றும்போது ரப்பரும் சேர்ந்தே மாறிவிடும். இந்தப் பெட்டியிலிருந்த செராமிக் வகையில் அப்படியில்லை. முள் மட்டும் கழன்றுவரும், இறுகிய ரப்பர் உள்ளேயே தங்கிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டி பிரிக்காத பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும், அதிலுள்ள ரப்பருக்கும் அதே வயதுதானே!

செராமிக்குக்கு முன்னால் ரோஷெல் உப்புப் படிகம் வைத்த கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. ஈரக்காற்று பட்டால் அந்தப் படிகம் கெட்டுப்போகும். ஐப்பசி அடைமழை பெய்யும் ஊரில் அவை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டைச் சுழலவிடாமல் முள்ளை அதன்மேல் இறக்கி, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய் முன்பக்கமிருந்து பார்க்கச் சொன்னார். முள்ளைத் தாங்கும் தண்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ரப்பர் தளர்ந்து தொய்ந்திருந்தால் கார்ட்ரிட்ஜின் வயிறே தட்டை உரசும் என்றார். தேய்ந்த பழைய முள்ளொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார். உருண்டு இருக்க வேண்டிய நுனியின் இரு பக்கமும் பட்டையாகி, வெளிச்சத்தில் பளிச்சிட்டன. அந்தப் பட்டையின் விளிம்பு உளிதான். நீலக்கல் முள் சில பத்து மணி நேரத்தில் இப்படியாகும். வைரமுள் ஐந்நூறு மணிக்கு மேலும் தாங்கும்.

காதுக்கு அவர் வைத்திருக்கும் பரீட்சை, எல்பி தட்டின் கடைசிப் பாட்டு. வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியே நொடிக்கு அரை மீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே போகப் போக அதில் பாதிகூட ஓடாது. வளைவுகள் நெருங்கிவிடும். சகரமும் ஷகரமும் அங்கே சிதறினால் முள்ளோ ரப்பரோ போய்விட்டது. முள் தாவாமலிருக்கப் பிளேயர் கையின் தலையில் காசு வைப்பவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயர்ந்தது. எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது. வெட்டுப்பட்ட பள்ளத்தை எந்தப் புது முள்ளும் சரிசெய்யாது.

சொந்தக்காரர் கேட்க ஆசைப்படுவது 'நாடோடி மன்னன்' (1958) படப் பாட்டு. அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் ஒருவரான கல்யாணசுந்தரம் இந்த வட்டாரத்துப் பிள்ளை. அடுத்த ஆண்டே 29 வயதில் போய்விட்டார். அவர் காலத்து 78 சுற்றுத் தட்டுக்கு எல்பி முள்ளைப்போல மூன்று மடங்கு பருமனான நுனி வேண்டும். பெரியவர் சைக்கிள் வால்டியூபில் துளி வெட்டி உள்ளே பொருத்தினார்; இரண்டு பக்கமும் நுனியுள்ள முள்ளைத் திருப்பி 78 பக்கத்துக்கு வைத்தார். சொந்தக்காரரின் தட்டை உறையிலேயே விட்டுவிட்டு, தன்னிடமிருந்த கீறல் விழுந்த தட்டொன்றை முதலில் ஓடவிட்டார்.