நீராகாரமும் நபீதும்

இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைக்காத வீடு, காவிரி பாயும் நம் தஞ்சைப் பகுதியில் ஒரு காலத்தில் அரிது. விடிந்ததும் அந்தப் பழையதை உண்டு, தெளிந்த நீரில் உப்பிட்டுப் பருகிய பின்னரே வயலுக்குச் சென்றனர். நீரே ஆகாரமாவதால் அது நீராகாரம், பேச்சில் நீராரம்.

அண்மையில் மதரஸாவில் ஒரு சிறுவன் நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், புளிச்சதெல்லாம் சாராயம் மாதிரியாமே? இனிமே பழையது சாப்பிடக் கூடாதுன்னு நன்னிமாக்கிட்ட சொல்லிட்டாங்க."

வாழ்நாளெல்லாம் ஹலால் என்று உண்டதை முதுமையில் ஹராம் என்று கேட்க நேர்ந்த அந்த மூதாட்டியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஹராமை ஹலாலாக்குவது பெரும் குற்றம் என்பதை யாவரும் அறிவர். ஹலாலை ஹராமாக்குவதும் அவ்வாறே என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

மார்க்கம் தடுத்தது போதையை, புளிப்பை அன்று. மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல் என்பது பொருள். தலையை மூடும் துணி கிமார். அறிவை மூடுவதே கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். மாவைப் புளிக்கச் செய்யும் கமீரும் அதே வேரில் பிறந்த சொல்தான். அதற்காக ரொட்டியை எவரேனும் விலக்குகிறோமா?

நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். காலையில் ஊறியதை இரவிலும், இரவில் ஊறியதைக் காலையிலும் அருந்துவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மூன்றாம் நாளைக் கடந்ததை நபியவர்கள் அருந்தியதில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. பழத்தை நீரில் இடுவதால் அப்பானத்திற்கு நபீத் என்று பெயர். 'நபத' என்றால் எறிந்தான், இட்டான்.

ரஷ்யர்கள் ரை என்னும் தானியத்தின் ரொட்டியை ஊறவைத்துக் குவாஸ் என்றொரு பானம் செய்கிறார்கள். அப்பெயருக்கும் புளிப்பு என்பதே பொருள். ஆனால் ஈஸ்டும் சர்க்கரையும் சேர்வதால் அதில் சிறிதளவு ஆல்கஹால் உண்டாகிறது. வெளிநாட்டில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அதை விசாரித்தே அருந்த வேண்டும். நீராகாரத்தின் நிலை வேறு. ஓர் இரவில் அதைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் தயிரில் உள்ளவை போன்ற நுண்ணுயிர்களே. அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி காட்டும் அளவுகோல். ஒரு குடம் நீராகாரம் குடித்தாலும் வயிறுதான் நிறையும்!

இன்னொன்று: நபியவர்கள் புகழ்ந்த 'கல்' என்னும் தொடுகறியைத் தமிழில் காடி என்று மொழிபெயர்க்கிறோம். புளித்த கஞ்சி நீருக்கும் பழந்தமிழில் காடி என்றே பெயர்.

ஆகவே, ஸஹருக்குக்கூடத் தயங்காமல் பழையது உண்ணலாம். சித்திரை வெயிலில் ஓர் இரவுக்கு மேல் வைக்க வேண்டாம். நுரைத்து வாடை மாறியதைக் கொட்டிவிடுங்கள்.