ஒரு குரல், பல குரல்!

தான் பாடியதைத் தானே கேட்டுக்கொண்டு, அதன் மேலேயே இன்னொரு வரி பாட முடியுமா? முடியும்! அதற்குப் பெயர் ‘லைவ் லூப்பிங்’. கலிபோர்னியாவில் ஸாண்டா க்ரூஸ் என்ற கடற்கரை ஊரில், தாள வாத்தியக் கலைஞர் ரிக் வாக்கர் இதற்கென்றே ‘ஒய்-டூ-கே’ என்ற சர்வதேச விழாவை முன்னின்று நடத்தினார். 2008 அக்டோபரில் அதில் பாட எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

அப்போது நாங்கள் ஸான் ஹோஸேயில் இருந்தோம். அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 30 மைல் தூரம். வளைந்து வளைந்து ஏறும் சாலையின் இருபுறமும் வானளாவிய ரெட்வுட் மரங்கள். மலை இறங்கினால் மாண்டரே வளைகுடா! கடலுக்குள் நீண்டு போகும் மரத்துறையின் அடியில் கடல் சிங்கங்கள் சுகமாகப் படுத்துக்கொண்டு கத்துகின்றன. கரையோரத்தில் 1907-ல் தொடங்கிய பொழுதுபோக்குப் பூங்கா. அங்குள்ள மர ரோலர் கோஸ்டர் 1924 முதல் ஓடுகிறதாம். நான் ஏறவில்லை, எனக்கு ஏற்கெனவே வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது!

காரணம் உண்டு. மகள் பிறந்து நாலு வருஷமாக நான் மேடை ஏறவே இல்லை. தாலாட்டு தவிர வேறு எதுவும் பாடவில்லை. “இனிமே எனக்குப் பாட வருமாங்க?” என்று கேட்டபோது என் கணவர், “நீ பாடு. குழந்தையை நான் பாத்துக்கறேன்” என்றார். அவ்வளவுதான்.

லூப்பிங் எப்படி நடக்கிறது தெரியுமா? காலடியில் ஒரு சின்னப் பெட்டி. பொத்தானைக் காலால் அழுத்திவிட்டுப் பாட வேண்டும். மறுபடி அழுத்தினால், பாடியதை அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன் மேல் அடுத்த வரியைச் சேர்க்கலாம். இழை மேல் இழை போட்டுச் சிக்குக் கோலம் வளர்வது போல்தான். 1963-ல் டெர்ரி ரைலி என்ற அமெரிக்க இசைக் கலைஞர் பாரிஸில் இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சேர்த்து இதைச் செய்து பார்த்தார். பிற்பாடு அவரே பண்டிட் பிரான் நாத்திடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொண்டார் என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி.

நம் தாளம் இங்கே கை கொடுக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் முடிந்து சமத்தில் சரியாகக் காலை அழுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும், அந்தப் பிசகு கச்சேரி முடியும்வரை கூடவே வரும்! ராகத்துக்கு மோகனத்தை எடுத்துக்கொண்டேன். அதன் ஐந்து ஸ்வரங்களும் ஒரே சமயத்தில் ஒலித்தாலும் காதில் உறுத்துவதில்லை.

மேடைக்குப் பின்னால் பல தேசத்தவர்கள். ஒயரும் பெட்டியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் ஒயரில் ஒன்று வேலை செய்யவில்லை என்றதும், முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் அம்மாள் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். பாடி முடித்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அடுத்தவர் பாட்டைக் கேட்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். போட்டியும் இல்லை, பொறாமையும் இல்லை.

என் முறை வந்தது. முதலில் ஷட்ஜம், அதன்மேல் பஞ்சமம், பிறகு கைத்தட்டல் தாளம். சமம் வந்தது, காலை அழுத்தினேன். என் குரல் என் பின்னால் நின்று தாங்கியது. அதன் மேல் தாராளமாக ஆலாபனை செய்தேன். சபை நிசப்தமாக இருந்தபோது, பின்வரிசையிலிருந்து என் மகளின் குரல்: “அப்பா, எத்தனை அம்மா பாடறாங்க?” நாலு வருஷத்துப் பயம் அந்த நிமிஷமே போயிற்று.

ஸாண்டா க்ரூஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் அடித்தாலும் சாயந்தரம் பனிமூட்டம் வரும். குழந்தைக்கு ஸ்வெட்டர் அவசியம். ஒலிபெருக்கி அருகே உட்காராதீர்கள். பிஞ்சுக் காதுகளுக்குக் காதுக் கவசம் மாட்டுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து, ஊர் ஓரத்து யூகலிப்டஸ் தோப்பில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் வந்து கூடும், அதையும் காட்டுங்கள்.

இப்போது லூப்பிங் செய்ய மேடையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். செல்போனிலேயே அதற்கான செயலிகள் இருக்கின்றன. குழந்தை தூங்கும் நேரத்தில் பத்து நிமிஷம் போதும். ஷட்ஜத்தில் ஆரம்பியுங்கள், உங்களுக்குத் துணையாக உங்கள் குரலே பாடும்.