கவுண்டரில் இருந்தவர் எங்கே?

ஒரே ஒரு கட்டத்தை அழித்ததில் வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் லாபம் என்றால் நம்புவீர்களா?

நம்பலாம். எக்ஸ்பீடியா என்று அமெரிக்காவில் ஒரு பயண வெப்சைட். விமானம், ஹோட்டல் எல்லாம் அதில் பதிவு செய்யலாம். எல்லா விவரமும் கொடுத்து, வாங்குவதற்கான பட்டனையும் அழுத்திய பிறகு பல பேருக்கு ஏன் டிக்கெட் விழவில்லை என்று அவர்கள் குடைந்து பார்த்தார்கள். பெயர் எழுதும் இடத்துக்குக் கீழே 'கம்பெனி' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கம்பெனி? சில பேர் கிரெடிட் கார்டு கொடுத்த பாங்க்கின் பெயரை எழுதிவிட்டார்கள். பாங்க் பெயரைக் கேட்டவன் அடுத்து பாங்க் முகவரியைத்தானே கேட்பான்? அதையும் எழுதினார்கள். கார்டில் பதிவாகியிருந்ததோ வீட்டு முகவரி. இரண்டும் ஒத்துப் போகாததால் பணம் போகவில்லை, டிக்கெட்டும் வரவில்லை. அந்தக் கட்டத்தைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். 2010-ல் அந்த நிறுவனமே சொன்ன கணக்கு இது. இன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்குப் பக்கம்.

நான் பி.காம். படித்தவன். செலவே இல்லாமல் இப்படி ஒரு லாபம் வரும் என்று எங்கள் காஸ்டிங் புரொபசர் ஒரு நாளும் சொன்னதில்லை.

எக்ஸ்பீடியாவின் தப்பு கம்பெனிக் கணக்கில் துண்டு விழுந்ததால் அகப்பட்டது. கணக்கிலேயே தெரியாத தப்பை என்ன செய்வது? அதற்குத்தான் 'யூஸபிலிட்டி டெஸ்டிங்' என்ற ஒரு வித்தை இருக்கிறது. பெயர்தான் பெரிசு. விஷயம் ரொம்ப சிம்பிள். வெப்சைட்டைக் கட்டியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, அதைப் பயன்படுத்தத் திணறும் ஆசாமியை வேடிக்கை பார்க்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. திணறுகிறவர் மனசில் நினைப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஆயிரம் பேரெல்லாம் தேவையில்லை. ஐந்து பேர் உட்கார்ந்தாலே சுமார் 85 சதவிகிதத் தப்புகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000-ல் எழுதினார். சதவிகிதம் பற்றிச் சண்டை உண்டு. ஆனால் ஐந்து பேரைக்கூடக் கூப்பிடாமல்தான் நம் ஊரில் முக்கால்வாசி வெப்சைட் ஓடுகிறது.

சென்னையில் ஒரு கம்பெனி, பஸ் டிக்கெட் போடும் தன் வெப்சைட்டை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் நண்பர், "வந்து பாரேன், ஜாலியா இருக்கும்" என்று கூப்பிட்டார். போனேன். ஒரு அறையில் மேஜை, கம்ப்யூட்டர், பக்கத்தில் நண்பர். அடுத்த அறையில் பெரிய டிவி. அங்கே அந்தத் திரையும் குரலும் வந்துகொண்டிருந்தன. புரோகிராம் எழுதிய பையன்கள் நாலு பேர் சமோசாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வந்தவர் ரிட்டயர்டு தலைமை ஆசிரியை. 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் வந்ததும் நின்றுவிட்டார். "எனக்கு இனிஷியல்தாங்க உண்டு. கடைசிப் பேர்னா அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?" ஒரு எழுத்தை மட்டும் அடித்தார். 'சரியான பெயரைத் தரவும்' என்று சிவப்பில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆயிரம் பிள்ளைங்களுக்கு ஃபாரம் ரொப்பிக் கொடுத்திருக்கேன். என் பேரே தப்புங்குதே."

டிவிக்கு முன்னால் சமோசா அப்படியே நின்றது. விமான டிக்கெட்டுக்கு எழுதிய ஃபாரத்தைப் பஸ்ஸுக்கும் அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

அடுத்து ஒரு கூரியர் பையன். போனில் புலி. பஸ் ஏறும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் முப்பது பெயர் கொண்ட பட்டியல். "கிளாம்பாக்கம் எங்கண்ணா?" என்று மேலும் கீழும் தள்ளினான். இருந்தது, 'கேசிபிடி' என்று. 2023 டிசம்பர் 30-ல் திறந்த அந்தப் பஸ் நிலையத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று பெயர். அதன் இங்கிலீஷ் சுருக்கம்தான் கேசிபிடி. இந்தப் பக்கம் ஒரு பையன், "அங்கதான் இருக்கு, அங்கதான் இருக்கு!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான், கிரிக்கெட் மேட்ச் மாதிரி.

மூன்றாவதாக வந்தவர்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர். ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், திருநெல்வேலிக்காரர். அவருக்குக் கொடுத்த வேலை: வெள்ளிக்கிழமை ராத்திரி கடை மூடியதும் ஊருக்குக் கிளம்ப ஒரு டிக்கெட். வெள்ளிக்கிழமைத் தேதியை அழுத்தினார். 12.15 மணி பஸ் ஒன்று இருந்தது. எடுத்தார். "முடிஞ்சது சார்."

முடியவில்லை. வெள்ளிக்கிழமைத் தேதியில் 12.15 என்றால் கம்ப்யூட்டருக்கு அது வியாழக்கிழமை ராத்திரி. அவர் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பஸ் திருநெல்வேலியை நெருங்கியிருக்கும்.

நமக்கு நாள் என்பது விடிந்தால்தான் மாறும். 'வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை மணி' என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசுகிறோம். கடிகாரத்துக்கு மட்டும் பாதி ராத்திரியில் நாள் மாறுகிறது.

நண்பர் விஷயத்தை விளக்கினார். அவர் சிரித்தார். "நமக்கு இது புதுசில்ல சார். ஒரு பொங்கலுக்கு வேற ஒரு சைட்ல இப்படித்தான் ஆச்சு. போகிக்கு முந்தின ராத்திரி கடை மூடிட்டு, வீட்ல, ரெண்டு புள்ளைங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டு போனா, இது நேத்தே போன பஸ்ஸுங்கான். நாலு டிக்கெட், ஏழாயிரத்துச் சொச்சம். ராத்திரி பூரா அங்கனயே படுத்தோம். மறுநாள் சாயங்காலம்தான் இடம் கிடைச்சுது. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பால் பொங்கி முடிஞ்சுபோச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நம்ம தப்புதான், பாத்துக்கிடுங்க" என்றார்.

அந்த ஏழாயிரம் ரூபாயை என் பி.காம். மூளையால் விட முடியவில்லை. அவர் வீட்டு நோட்டில் அது நஷ்டம். அந்த வெப்சைட்டின் புத்தகத்தில்? விற்பனை. நாலு டிக்கெட் விற்றது, கேன்சல் இல்லை, ரீஃபண்ட் இல்லை, புகார்கூட இல்லை. கம்ப்யூட்டரைக் கேட்டால் அவரைத் திருப்தியான வாடிக்கையாளர் என்று சொல்லும். எக்ஸ்பீடியாவின் கட்டம் கம்பெனியின் பாக்கெட்டில் கை வைத்தது, அதனால் ஆள் வைத்துத் தேடினார்கள். இந்தப் பன்னிரண்டேகால் மணி, பயணியின் பாக்கெட்டில் மட்டும் கை வைக்கிறது. இதை யார் தேடுவார்கள்?

முன்பெல்லாம் இதைத் தேடிப் பிடிக்க ஒருவர் இருந்தார். ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால், சிடுமூஞ்சியாக. நாம் நீட்டிய ஃபாரத்தைப் பார்த்ததுமே, "பன்னிரண்டு பத்து வண்டியாம்மா? அப்ப தேதி மறுநாள் போடணும், அடிச்சு எழுதுங்க" என்பார். "வெயிட்டிங் லிஸ்ட்தான், போடட்டுமா?" என்பார். திட்டுவார், ஆனால் தப்பான டிக்கெட் கொடுக்க மாட்டார். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இன்டர்நெட்டில் டிக்கெட் விற்க ஆரம்பித்த பிறகு, க்யூ நமக்கு மெல்ல மெல்ல மறந்துபோயிற்று. நல்லதுதான். 2014, 2018, 2020 என்று அந்த சைட்டையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். 'கன்ஃபர்ம் ஆனால் மட்டும் டிக்கெட் போடு' என்று அதில் ஒரு வசதி உண்டு. என்னைக் கேட்டால் அது அந்தக் கவுண்டர் ஆசாமியின் குரல்தான். அவரை அனுப்பிவிட்டோம். அவர் கேட்ட கேள்விகளையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

நண்பரின் கம்பெனியில் அடுத்த வாரமே பெயருக்கு ஒரே கட்டம் என்று ஆனது. கேசிபிடி, கிளாம்பாக்கம் ஆனது. நள்ளிரவு விஷயம் மட்டும் இழுத்தது. "இதை மாத்தினா வருமானம் எவ்வளவு கூடும்?" என்று மீட்டிங்கில் கேட்டார்களாம். "கூடாது" என்று நண்பர் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். இரண்டு மாசம் கிடப்பில் கிடந்தது. கடைசியில், மேலதிகாரியையே நாற்காலியில் உட்காரவைத்து அதே வேலையைக் கொடுத்தார். அவரும் வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறினார்! இப்போது பணம் கட்டும் பட்டனுக்கு மேலே ஒரு வரி வருகிறது: 'வெள்ளி இரவு முடிந்து, சனி அதிகாலை 12.15-க்குப் புறப்படும்.' அடுத்து உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவர்கூடத் தவறவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு டெஸ்ட் நடத்தலாம். அம்மாவோ, அத்தையோ போனில் டிக்கெட் போட்டுக்கொண்டே, "எனக்கு இதெல்லாம் வரலடா" என்று சொல்வார்கள். "கொடு, நான் போடறேன்" என்று போனைப் பிடுங்காதீர்கள். அஞ்சு நிமிஷம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, எந்த இடத்தில் விரல் நிற்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அவர்கள் புத்தகத்தில் புகார் என்று ஒரு வரியாவது விழட்டும்.

அந்த சேல்ஸ்மேனிடம் கிளம்பும்போது, "அண்ணாச்சி, தப்பு உங்களோடது இல்ல" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.