அரவேணுவில் ஓர் ஆசி

மேட்டுப்பாளையத்தை அடுத்துப் பவானி நதிக்கரையில் அருள்புரியும் வனபத்ரகாளியம்மனைத் தொழுதுவிட்டுக் கோத்தகிரி மலைச்சாலையில் ஏறத் தொடங்கினோம். குஞ்சப்பனையைக் கடந்ததும் வெப்பம் தணிந்தது. கோத்தகிரிக்குச் சில கிலோமீட்டர் முன்பாகத் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்துள்ளது அரவேணு. கேத்தரின் அருவிக்குச் செல்லும் பாதை பிரிவதும் இவ்வூரில்தான். ஆனால் அடியேன் அருவி காணச் செல்லவில்லை. பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்காக, அரவேணுவில் வாழும் படுக நண்பர் ஒருவர் அன்புடன் அழைத்திருந்தார்.

அந்த அழைப்பை ஏற்கவே முதலில் தயங்கினேன். இருதய அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மார்பில் இருந்த வலி நீங்கிவிட்டது; வலக்கையில் புகுந்த வலியோ நீங்கவில்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்தே கிடந்தன. மார்பெலும்பைப் பிளந்து இருபுறமும் விலக்கும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் இழுபடுவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் அறுவை செய்துகொண்ட தாய்மார்களுக்கும் மேற்கையின் உட்புறம் இவ்வாறு மரத்துப்போவதுண்டு. சேதமுற்ற நரம்பு மீண்டும் வளரும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். அவசரப்படுவோர்க்கு அது இணங்காது.

வலியைவிட என்னை வருத்தியது வேறொன்று. ஒருநாள் சந்நிதியில் கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பின், சுண்டுவிரலில் கொப்புளம் எழுந்திருப்பதை என் மனைவிதான் கண்டாள். சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. மற்றொரு நாள் உள்ளங்கையில் பெற்ற தீர்த்தம் விரலிடுக்கில் ஒழுகி, பக்கத்தில் நின்றவரின் காலில் விழுந்தது. அதன்பின் கோயிலுக்குச் செல்வதையே குறைத்துக்கொண்டேன்.

அரவேணுவின் மார்கழிக் குளிர் கையின் வலியைக் கூட்டியது. கம்பளிக் கையுறை அணிந்தபோது சற்று அடங்கிற்று. கணப்பின் அருகே கையை நீட்ட நான் அஞ்சியதைக் கண்ட நண்பர் காரணம் கேட்டார், கூறினேன். அன்றுமுதல் வெந்நீரை இடக்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே வலக்கையை நனைப்பது வழக்கமாயிற்று. ஆரத்தியையும் இப்போது இடக்கையின் துணையோடு, சற்று உயரத்தில் கை வைத்தே ஏற்கிறேன். உணர்வு குன்றிய கையை உடைய அன்பர்கள் அனைவரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். கையில் புதிதாக வலி தோன்றி, மூச்சுத் திணறலோ வியர்வையோ உடன்வந்தால், பழைய நரம்பு வலிதானே என்று வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இயன்முறைப் பயிற்சியாளர், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடும்படி கற்பித்திருந்தார். சலிப்பால் அதை விட்டிருந்தேன். அரவேணுவின் முதல் விடியலில், பனி மூடிய தோட்டத்தை நோக்கி அமர்ந்து ஜபத்தை எண்ணியபோதுதான் ஒன்று விளங்கிற்று. கரமாலை தொடங்குவது மோதிரவிரலின் நடுக்கணுவில். அங்கிருந்து கீழே இறங்கிச் சுண்டுவிரலுக்குச் செல்கிறது. மரத்துப்போன அவ்விரண்டு விரல்களே முதலில் வருகின்றன! பயிற்சியாளர் சொன்னதை என் பாட்டனார் எனக்கு ஏழு வயதிலேயே கற்றுத் தந்திருந்தார். அன்று முதல் காலையும் மாலையும் 108 முறை. விரலைக் கண்ணால் பார்த்தே தொட வேண்டியிருந்தது, ஆயினும் தொட்டேன்.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியின் நினைவும் எழுந்தது. வாத நோயால் முடங்கிய நிலையில் குருவாயூரப்பன் சந்நிதியை அடைந்து, நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகங்கள் பாடி 1586-ஆம் ஆண்டில் நாராயணீயத்தை நிறைவு செய்தார் என்பர். நூறாம் நாள் நோய் நீங்கியதையே நாம் வியந்து பேசுகிறோம். நோய் நீங்காத தொண்ணூற்றொன்பது நாள்களிலும் அவர் பாடினார் என்பதை அரவேணுவில்தான் எண்ணிப் பார்த்தேன்.

திருவிழா நாளன்று பேரகணி வெண்மையாய் விளங்கியது. ஆடவரும் பெண்டிரும் வெள்ளாடை அணிந்து ஊர் ஊராக வந்து குவிந்தனர். ஹெத்தை என்றால் பாட்டி, மூதாய். அவள்முன் எல்லோரும் குழந்தைகளே. நானும் கைகூப்பினேன். இரு விரல்கள் வளைந்தே நின்றன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

விடைபெறும் வேளையில் நண்பரின் பேரன் என்முன் வந்து தலைகுனிந்து நின்றான். மூத்தவர் தம் கையைத் தலையில் வைத்து வாழ்த்துவது படுகர் மரபு. நான் தயங்கினேன். "வைங்க ஐயா, பிள்ளை காத்திருக்கான்" என்றார் நண்பர். வலக்கையை வைத்தேன். மூன்று விரல்களில் அவன் தலைமுடியின் மென்மை தெரிந்தது. இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. அவனோ ஐந்து விரல்களின் ஆசியையும் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு ஓடினான்.

ஊர் திரும்பிய மறுநாளே கோயிலுக்குச் சென்றேன். தீர்த்தத்தை இரு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். சிறிது சிந்தியது. எஞ்சியது போதுமானதாக இருந்தது.