டிக்கட்டும் நிய்யத்தும்

 

அன்பளிப்புச் செய்வது உள்ளங்களை இணைக்கும் அழகிய ஸுன்னத்து என்பதை நாம் அறிவோம். நமது வாப்பாமார் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகின்ற பிள்ளை போர்வையும் அத்தரும் கொண்டு வந்தால் அதுவே பெரிய அன்பளிப்பு. இன்றோ அன்பளிப்பின் வடிவம் மாறிவிட்டது. தோஹாவில் இருக்கின்ற மகன் பத்து நிமிடத்தில் கைத்தொலைபேசியிலேயே அக்கரைப்பற்றில் இருக்கின்ற உம்மாவுக்கு விமான டிக்கட் எடுத்துவிடுகிறான். “உம்மாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க, சர்ப்பிரைஸா இருக்கட்டும்” என்றும் சொல்லி வைக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் பிரயாணம் என்பது போர்வையைப் போல மடித்துக் கையில் கொடுக்கின்ற பொருளல்ல. அதைப் பற்றி உங்களோடு சற்று மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

என் தம்பி கட்டாரில் தொழில் செய்கிறார். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் பேசியபோது, “காக்கா, உம்மாவை உம்ராவுக்கு அனுப்புவம். செப்டம்பரில் மலிவாக டிக்கட் இருக்கு. இன்றைக்கே போடட்டா? போற அண்டுதான் உம்மாவுக்குத் தெரியணும்” என்றார். அவருடைய ஆசையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. என்றாலும், “கடவுச்சீட்டைக் கண்ணால் பார்க்காமல் காசு கட்டாதே தம்பி” என்று நிறுத்தினேன்.

அதற்குக் காரணங்கள் உண்டு. டிக்கட்டில் போடும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நமது சமூகத்தில் வாப்பாவின் பெயர் முன்னால் வரும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும் ‘பீவி’யும் ‘உம்மா’வும் மாறி மாறி நிற்கும். ஒருவர் பெயரில் எடுத்த டிக்கட்டை இன்னொருவருக்கு மாற்றவும் பொதுவாக முடியாது. மலிவான டிக்கட் என்றால் இரத்துச் செய்தாலும் பெரும்பாலும் காசு திரும்பாது. கடவுச்சீட்டுக்கும் பிரயாண நாளிலிருந்து ஆறு மாதமாவது தவணை இருக்க வேண்டும்.

உம்மாவோடு இருக்கின்ற ராத்தா அலுமாரியில் பார்த்துவிட்டு, உம்மாவின் கடவுச்சீட்டு 2012இல் எடுத்தது என்றும், 2022இலேயே தவணை முடிந்துவிட்டது என்றும் சொன்னார். பத்து வருடத்தில் அதில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்கவில்லை. புதியது எடுப்பதானால் புகைப்படத்துக்கும் விரலடையாளத்துக்கும் உம்மாவே நேரில் போக வேண்டும். 2015 முதல் அதுதான் நடைமுறை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நாட்டில் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் காத்துக்கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தம்பி நினைத்தபடி செப்டம்பருக்கு டிக்கட் போட்டிருந்தால் அது வெறும் காகிதமாகியிருக்கும்.

ஆனால் என் மனதைக் குடைந்தது வேறொன்று. யாரும் சொல்லாமல் 2012இல் உம்மா எதற்காகக் கடவுச்சீட்டு எடுத்தார்? ஒருநாள் அஸருக்குப் பின் அருகில் அமர்ந்து கேட்டேன். உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பன்பாய் இழைத்தும், ஆடு வளர்த்து விற்றும் சேர்த்த காசு.

“மகன், என்ட கையால ஒழச்ச காசில அல்லாஹ்ட வீட்டப் பாக்கணும் எண்டு ஒரு நிய்யத்து. கிட்டத்தட்டச் சேந்துட்டுது. அதுக்குள்ள டொலர் ஏறிட்டுது. புள்ளையள்ட்டக் கேக்க எனக்கு மனமில்ல.”

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியதல்லவா? அந்த ஏற்றம் எங்கள் உம்மாவின் டின்னுக்குள்ளும் புகுந்து, பத்து வருட உழைப்பைப் பாதியாக்கியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

வாசகர்களே! ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்களில் ஹஜ், உம்ராப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தும்போது ஒரு சட்டம் வரும். செலவுக்கான பணத்தைப் பெற்ற மகனே கொடுக்க முன்வந்தாலும், அதை ஏற்றுக்கொள்வது தகப்பனுக்கோ தாய்க்கோ கடமையாகாது என்பதே வலுவான கருத்து. அதற்கு இமாம்கள் சொல்லும் காரணம் ‘மின்னத்’. அதாவது, பிறர் செய்த உபகாரத்தின் பாரம். பல வருடங்களாகக் கற்பித்த அந்தச் சொல்லின் பொருள், அன்று அந்த டின்னின் முன்னால் எனக்கு முழுமையாக விளங்கியது. வாங்குகின்றவருக்கும் ஒரு கண்ணியம் இருக்கிறது. கொடுக்கின்றவரின் மகிழ்ச்சி அதை மிதித்துக்கொண்டு போகக் கூடாது.

ஆகவே நாங்கள் கூடிப் பேசினோம். விமான டிக்கட் உம்மாவின் காசில். அது சரியாகப் போதுமாக இருந்தது. விசாவும் தங்குமிடமும் சாப்பாடும் பிள்ளைகள் பொறுப்பு. உம்மாவின் முகம் தெளிந்தது. தம்பிக்கு மட்டும் சிறு கவலை. “அப்ப என்ட சர்ப்பிரைஸ் போச்சே காக்கா” என்றார். “போகல்ல, அதற்கும் ஓர் இடம் இருக்கு” என்றேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உம்ராப் பிரயாணத்தைக் கடைசி நாள்வரை மறைத்து வைக்க முடியாததற்கு வேறு காரணங்களும் உண்டு. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே ஏற்றியிருக்க வேண்டும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர் மருந்தை எண்ணிக் கைப்பையில் எடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே விமான நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். கடன் இருந்தால் தீர்க்க வேண்டும். அண்டை அயலாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அவகாசம் கொடுக்காத அன்பளிப்பு, பதற்றத்தையே கொடுக்கும்.

டிக்கட்டின் வழிகூட அமலோடு சம்பந்தப்பட்டது. கொழும்பிலிருந்து நேரே ஜித்தா போகின்றவர் விமானத்தில் இருக்கும்போதே மீகாத் எல்லைக்கு நேராக வருமுன் இஹ்ராம் நிய்யத் வைக்க வேண்டும். முதலில் மதீனா போகின்றவருக்கு அந்த அவசரமில்லை. அங்கிருந்து மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் வைத்துக்கொள்ளலாம். எந்த வழி வசதி என்பதைப் போகின்றவரிடம் கேட்பதே முறை.

மனைவிக்கு இவ்விதம் ஏற்பாடு செய்ய நினைக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: பெண்களுக்கு மாதத்தில் தவாஃப் செய்ய முடியாத நாட்கள் உண்டு. திகதியை அவரிடம் கேட்காமல் குறித்துவிட்டு, பிறகு அவரைக் கண்ணீர் விட வைக்காதீர்கள். என்னிடம் ஓதிய ஒரு மாணவர், வாப்பா மௌத்தாகி இரண்டு மாதத்தில் உம்மாவின் மனம் ஆறட்டும் என்று உம்ராவுக்கு டிக்கட் எடுக்க ஆலோசனை கேட்டு வந்தார். இத்தா நான்கு மாதம் பத்து நாள் என்பதை நினைவூட்டி, அதன் பிறகு திகதி குறிக்கச் சொன்னேன். பாசம் அவசரப்படுத்தும், அறிவு நாளை எண்ணும்.

இனி, தம்பியின் சர்ப்பிரைஸுக்கு வருகிறேன். சம்மாந்துறையில் எங்கள் சாச்சி இருக்கிறார், உம்மாவின் தங்கை. சிறு வயதில் இருவரும் ஒரே திண்ணையில் பாய் இழைத்தவர்கள். அவரும் கணவரை இழந்து பல வருடங்களாகின்றன. மஹ்ரம் துணை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சவூதி அரசாங்கம் 2022இல் நீக்கிவிட்டது. ஷாபிஈ மத்ஹபிலும், கடமையான முதல் உம்ராவுக்கு நம்பிக்கையான பெண்களின் துணையோடு போக இடமிருக்கிறது. உம்மா பெண்கள் பலர் போகும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். சாச்சியிடம் தம்பி நேரடியாகப் பேசி, அவருடைய விருப்பத்தையும் உடல்நிலையையும் கேட்டறிந்து, கடவுச்சீட்டைப் பார்த்து, அதே குழுவில் அவரையும் சேர்த்தார். உம்மாவுக்குப் பக்கத்து ஆசனத்தையே கேட்டு வாங்கினார். தொடர்புக்குத் தம்பி தன் இலக்கத்தையே கொடுத்தார். விமான நேரம் மாறினால் செய்தி அவருக்கு வரும், இரகசியமும் வெளியாகாது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு முழுக்க வேனில் பிரயாணம் செய்து கட்டுநாயக்க போய்ச் சேர்ந்தோம். அங்கே வெள்ளை உடுப்போடு நின்ற சாச்சியைக் கண்டதும் உம்மா திகைத்துப் போனார்.

“நீ யார வழியனுப்ப வந்த?” என்றார்.

“என்னத்தான் அனுப்புறாங்க ராத்தா” என்றார் சாச்சி.

இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி கட்டாரிலிருந்து தொலைபேசித் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சு வரவில்லை.

அன்பு வாசகர்களே! உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ டிக்கட் எடுத்துக் கொடுக்க அல்லாஹ் வசதி தந்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவருடைய உடல், நாள், கடமை, கண்ணியம் ஆகிய நான்கையும் தொடுகின்ற எதையும் மறைக்காதீர்கள். அவர் ஆயத்தமாகத் தேவையில்லாத ஒன்றை மட்டும் இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அலுமாரியில் இருக்கின்ற பழைய கடவுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். அதற்குள் அவருடைய ஆசை ஒன்று ஏற்கனவே காத்திருக்கக்கூடும். நம் பெற்றோரின் நல்ல நிய்யத்துகளை அல்லாஹ் நிறைவேற்றி வைப்பானாக. ஆமீன்.