சுவரில் மங்கும் முகங்கள்

பத்திரிகைக் காகிதத்தின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அதில் வடை சுற்றுவார்கள் என்பதை அறிந்துகொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறேன். மரக்கூழிலுள்ள லிக்னின் வெயில் பட்டதும் பழுப்பேறும். அதுபற்றி எந்த ஆசிரியபீடமும் கவலைப்பட்டதில்லை. ஆனால், வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது.

இன்று நம்மவர் வீடுகளிலுள்ள படங்கள் பல இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிடப்பட்டவை. இந்த இயந்திரத்தின் பூர்வீகமும் நமது தொழிலைச் சார்ந்ததே. ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரம், அச்சுக்குப் போகுமுன் வர்ணப் பக்கங்களைச் சரிபார்க்கும் மாதிரிப் படிகளுக்காக உருவானது. ஒப்புதல் கிடைத்ததும் மாதிரிப் படி குப்பைக்கூடைக்குப் போய்விடும். எனவே, அதன் நிறம் நிலைக்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. பாடகரும் புகைப்படக் கலைஞருமான கிரஹாம் நாஷ், 1991 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் திறந்த அச்சுக்கூடத்தில், கலைப்படைப்புகளை அச்சிட இதே இயந்திரத்தைப் பயன்படுத்தினார். தடித்த நீர்வர்ணக் காகிதத்திலும் அது அழகாக அச்சிட்டது. நிறங்கள்தான் நிலைக்கவில்லை. ஆரம்பகால மைகள் சில ஆண்டுகளிலேயே வெளிறின. அதன் பின்னரே, நிலைத்து நிற்கும் மையையும் காகிதத்தையும் தேடும் முயற்சி முனைப்புப் பெற்றது.

இது தூரதேசத்துக் கலைஞர்களின் கவலை மட்டுமன்று. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த தாயார் ஒருவர் இருந்தார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது, இறந்துபோன மகனின் நினைவாக அவர் கொண்டுவர முடிந்தது அடையாள அட்டைக்கென எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மட்டுமே. பின்னாளில் ஒரு ஸ்டூடியோவில் அதைப் பெருப்பித்து, மாலையிட்டு, யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார். இரண்டு ஆண்டுகளில் முகம் செம்மஞ்சளாகிப் பின் வெளிறத் தொடங்கியது. “தம்பி, பிள்ளையின்ரை முகம் கொஞ்சம் கொஞ்சமாய் அழிஞ்சு போகுது. இதுக்கு ஒண்டும் செய்யேலாதோ?” என்று கேட்டார்.

செய்யலாம் என்றேன். அதற்கு முதலில் காரணம் தெரியவேண்டும். கறுப்பு வெள்ளைப் படமாயினும், அந்தப் பிரின்டர் வர்ண மைகளைக் கலந்தே அதை அச்சிட்டிருந்தது. மலிவான மைகள் நீரில் கரையும் சாயங்கள். தனித்தனி மூலக்கூறுகளாக நிற்பதால், அவற்றை ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் இலகுவில் சிதைத்துவிடும். சியான் எனப்படும் நீலப்பச்சை முதலில் அழிந்தால், எஞ்சும் சிவப்பும் மஞ்சளும் முகத்தில் ஏறும். நிறத்துணிக்கைகளைக் கொண்ட பிக்மென்ட் மையில் மேற்பரப்பு சிதைந்தாலும் உட்பகுதி நிற்கும். அதன் ஆயுள் பன்மடங்கு அதிகம்.

எனினும், பாதிக் காரியம் மை விழுமுன்னரே முடிந்துவிடுகிறது. நமது முன்னோர் பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்ட பின்னரே எழுத்தாணியைத் தொட்டனர். காகிதமும் அவ்வாறே. பூச்சில்லாத காகிதத்தில் மை நார்வழியே பரவிக் கசியும். சிலிக்கா, அலுமினா போன்றவற்றின் நுண்துளைப் பூச்சு மையை உடனே உறிஞ்சி உலர்த்தும். ஆனால், அதே துளைகள் ஓசோனுக்கும் வாசலாகும். ஜெலற்றின் போன்ற பூச்சு வீங்கி மையைத் தன்னுள்ளே மூடிக்கொள்ளும். உலரத் தாமதமாகும், ஈரத்துக்கும் அஞ்சும், ஆயினும் காற்றைத் தடுக்கும். கைவினைக் காகிதத்திலோ துணியிலோ அச்சிட விரும்பும் ஓவியர்கள் இங்க்ஜெட்டுக்குரிய முற்பூச்சை மெல்லியதாகப் பூசி, உலர்ந்த பின் குறுக்குவாட்டில் இன்னொரு முறை பூசுவர். காகிதம் நெளிந்திருந்தால் பிரின்டரின் தலை உரசும். ஆகவே, அதனைப் பாரம் வைத்துத் தட்டையாக்கவும் வேண்டும்.

காகிதத்தின் வெண்மையிலும் மயங்கலாகாது. கண்ணைப் பறிக்கும் வெண்மை பெரும்பாலும் ஒளிரூட்டும் இரசாயனங்களால் வருவது. அவை செயலிழந்ததும் காகிதம் மஞ்சளாகத் தெரியும். அமிலமற்ற பருத்திக் காகிதமே உத்தமம்.

அந்தத் தாயாரின் றங்குப் பெட்டியில், சேலைகளுக்கிடையே மூலப்படம் பத்திரமாக இருந்தது. இருட்டில் இருந்ததால் அதற்கு ஒரு குறையும் நேரவில்லை. அதனை ஸ்கான் செய்து, பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் அச்சிடுவித்தோம். உடனே சட்டமிடாமல் ஒரு நாளுக்கு மேல் உலரவிட்டோம். இல்லையேல் மையிலுள்ள கரைப்பான் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோற் படியும். நமது ஈரப்பதனில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையே அமிலமற்ற மட்டையால் இடைவெளி விட்டோம். கண்ணாடி, மெல்லிய வார்னிஷ் பூச்சு இரண்டுமே காற்றைத் தடுக்கும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி நல்லதே. ஆனால், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும். எனவே, படத்தை யன்னலுக்கு எதிரிலிருந்து உட்சுவருக்கு மாற்றினோம். படத்துக்கு நேர்மேலே எரிந்த மின்குமிழை அகற்றும்படி கேட்டபோதுதான் அவர் சற்றுத் தயங்கினார். மகனை இருட்டில் விடுவதுபோல் அவருக்குத் தோன்றியது. விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்துச் சமாதானம் கண்டோம்.

எந்த மையும் நிரந்தரமன்று. மங்குவதைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. ஆகவே, சுவரில் தொங்குவது பிரதியாக இருக்கட்டும். மூலப்படம் இருளும் உலர்வும் உள்ள இடத்தில் இருக்கட்டும். ஸ்கான் செய்த கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். சட்டத்தின் பின்மட்டையில் அச்சிட்ட திகதி, மை, காகிதம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் படமொன்றை இன்று கழற்றிப் பாருங்கள். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த பகுதியும் வெளியே தெரிந்த பகுதியும் ஒரே நிறமாக இருக்கின்றனவா? இல்லையெனில், மூலப்படத்தைத் தேடத் தொடங்குங்கள்.