வாசற்படி தாண்டாத உபகாரம்

வீட்டில் சும்மா இருப்பது உலகத்திலேயே சுலபமான காரியம் என்று எண்ணியிருந்தவர்கள் எல்லாரும் 2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி இரவோடு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மறுநாள் முதல் 21 நாட்களுக்கு ஒருவரும் வாசற்படி தாண்டலாகாது என்று பிரதம மந்திரி டெலிவிஷனில் சொல்லிவிட்டார். "இருபத்தொரு நாள்தானே ஸார்! கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும்" என்றார் எங்கள் மாடி வீட்டுக்காரர். இருபத்தொன்று நாற்பது ஆயிற்று. பிறகு மே 17 என்றார்கள். மே 31 என்றார்கள். சென்னைவாசிகளுக்கு ஜூன் 19 முதல் இன்னொரு தவணை வேறு! மாடி வீட்டுக்காரர் அதன் பிறகு ஜோசியம் சொல்வதையே விட்டுவிட்டார்.

சென்னைப் பட்டணம் பீதிக்குப் புதியதல்ல. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினார்கள். அப்போது ஊரைவிட்டு ஓடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. 2020-லோ, ஓடாமல் உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனம் ஆயிற்று. ஏனென்றால் குண்டு ஆகாயத்திலிருந்து வரும். கொரோனாவோ பக்கத்தில் நிற்பவரின் மூச்சிலும் தும்மலிலும் அல்லவா வந்தது!

எங்கள் பத்திரிகைக் காரியாலயமும் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் குடிவந்தது. ஒரு பக்கம் கட்டுரை, மறு பக்கம் முருங்கைக்காய். என்னைப் போன்ற புருஷர்கள் பலருக்கு, சமையலறையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பரணில் தூங்கிய பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கீழே இறங்கின. மார்ச் 28-ந் தேதி முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். இந்தி தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். கதைதான் எல்லாருக்கும் தெரியுமே!

மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள்ளப் பலர் பல வழிகள் சொன்னார்கள். நான் கண்ட வரையில், நேயர்களே, வழி ஒன்றுதான்: நம்மைவிடச் சிரமப்படுகிறவர் யார் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது. அந்தக் கவலை வந்ததும் நம் கவலை ஒதுங்கி நின்றுவிடுகிறது.

எங்கள் கட்டிடத்தில் பதினாலு குடித்தனம். இரண்டாவது மாடியில் வயதான தம்பதிகள், பிள்ளை அமெரிக்காவில். ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டால் வாங்கித் தர ஆள் கிடையாது. பார்த்தார் பெரியவர். ஒரு வாளியில் கயிற்றைக் கட்டி, மருந்துச் சீட்டையும் பணத்தையும் போட்டுப் பால்கனியிலிருந்து கீழே இறக்கினார். யார் கண்ணில் படுகிறதோ அவர் எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்து வாளியில் போடுவது என்று ஏற்பாடாயிற்று. பத்து நாளில், காய்கறிக்கும் பாலுக்கும்கூட அந்த வாளிதான். கடைகள் பகல் ஒரு மணி வரைதான் என்ற காலம் அது. பதினாலு பேர் போவானேன்? முறை வைத்துக்கொண்டு ஒருவர் போனால் போதாதா? அப்படியே செய்தோம். வந்ததும் சோப்புப் போட்டு இருபது வினாடி கை கழுவ வேண்டும். அந்தக் கிருமியின் மேல் கொழுப்பாலான ஒரு போர்வை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு ஆவது போலவே அதற்கும் சோப்புப் பட்டால் கரைந்து போகிறது.

சம்பள விஷயத்தில் கொஞ்சம் தகராறு வந்தது. "வேலைக்கு வராத மாதத்துக்குச் சம்பளமா?" என்று ஒருவர் கேட்டார். "அந்தப் பெண் வரமாட்டேன் என்று சொல்லவில்லையே! நாம்தானே வராதே என்றோம்?" என்றாள் கீழ் வீட்டு மாமி. கேட்டவர் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். இஸ்திரிக்காரருக்கும் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தொகை கொடுத்தோம்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான பரீட்சை ஜூன் மாதத்தில் வந்தது. முதல் மாடியில் ஒருவருக்கு நோய் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள் மனைவியும் இரண்டு குழந்தைகளும். வாசலில் தகரம் அடித்தாயிற்று. அன்றிரவே சிலர் கூடி, "அவர்களை வேறெங்காவது அனுப்பிவிடலாமே" என்று பேசினார்கள். பயம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சென்னை முன்பே ஓர் உதாரணம் பார்த்திருந்தது. அந்த ஏப்ரலில், நோயால் இறந்துபோன ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. அவருடைய டாக்டர் நண்பரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று.

மாமி முகத்திரையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அவா வீட்டிலே கிருமி வந்திருக்கு. அதற்காக அவாளே கிருமி ஆயிட மாட்டா. நாளைக்கு உங்காத்து வாசலிலே தகரம் அடிச்சா, நீங்க எங்கே போவேள்?"

யாரும் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் தகரத்துக்கு வெளியே ஒரு முக்காலி முளைத்தது. அதில் ஒரு தூக்கு நிறைய ரசம் சாதம். வைத்துவிட்டுத் தட்டிவிட்டு ஆறடி விலகி நின்றாள் மாமி. தகரத்துக்கு மேலே ஒரு கை நீண்டு தூக்கை வாங்கிக்கொண்டது. மறுவேளைக்கு எதிர் வீடு. அதற்கு மறுநாள் நாங்கள். அந்த அம்மாளிடம், "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்று யாரும் நூறு தடவை கேட்கவில்லை. "குழந்தைகளுக்கு அப்பளம் பிடிக்குமா?" என்றுதான் கேட்டார்கள். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த அம்மாள் பிற்பாடு சொன்னாள். கணவரும் குணமாகித் திரும்பிவிட்டார்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி அந்த அவசர நிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும், நேயர்களே, உங்கள் தெருவிலேயே ஊரடங்கு முடியாத வீடு ஒன்று இருக்கும். காலொடிந்து படுத்திருப்பவர், நினைவு தப்பிய தாயாரைவிட்டு நகர முடியாத மகள், தனியாக இருக்கும் பெரியவர் என்று யாராவது இருப்பார்கள். கடைக்குக் கிளம்பும்போது அந்த வீட்டு வாசலில் நின்று, "ஏதாவது வாங்கி வரணுமா?" என்று கேளுங்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

பதினைந்தாம் நாள் தகரத்தைப் பிரித்தார்கள். அந்த அம்மாள் வெளியே வந்து செய்த முதல் காரியம், மாமியின் தூக்கைத் திருப்பிக் கொடுத்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது அல்லவா? பளபளவென்று தேய்த்து, உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தாள்.